ஆற்றுக்கு விட்ட இடம்

நற்செய்தியில் வரும் மணல்மீது வீடு கட்டிய மனிதனை அறிவிலி என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். அவன் அப்படியொன்றும் முட்டாளாக இருந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாலஸ்தீன நாட்டின் ஓடைகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பவை. கோடையில் அவற்றின் படுகை சமதளமான மணற்பரப்பு. பாறையை வெட்ட வேண்டியதில்லை. கடைக்கால் தோண்ட நாள் கணக்கில் பாடுபட வேண்டியதில்லை. மலிவாக நல்ல மனை ஒன்று வாய்த்தது என்று அவன் தன் மனைவியிடம் பெருமை பேசியிருக்கவும் கூடும். அவன் செய்த பிழை ஒன்றே. ஆறு வெளியூர் போயிருந்த வேளையில் அதன் வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டான்.

என் பங்கில் புது வீடு மந்திரிக்க அழைப்பார்கள். தீர்த்தச் செம்போடு படியேறுமுன் தெருவில் சற்று நின்று, நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். “இங்கே ஒரு வாய்க்கால் ஓடிச்சு, சாமி” என்பார். சுவரில் பூசிய வண்ணம் காயாத வீட்டில் அந்தப் பேச்சைத் தொடர யாரும் விரும்புவதில்லை.

ஆற்றுக்குரிய நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்லுதல் எளிது. வெள்ளம் வந்துபோன வாரத்தில் அதை மறுத்துப் பேசுவார் இல்லை. ஐந்து ஆண்டு மழை பொய்த்தபின் நிலைமை வேறு. வெறுமனே கிடக்கும் நிலம் எல்லாரின் கண்ணையும் உறுத்தும். ஒருவர் வேலி போடுவார். ஒருவர் லாரி நிறுத்துவார். நகராட்சியே பேருந்து நிலையம் கட்டலாமா என்று யோசிக்கும். ஆகவே உண்மையான கேள்வி, விட்ட நிலத்தை யார் காப்பது என்பதே. இக்கேள்வியை இரு நகரங்கள் சந்தித்த விதத்தை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று அமெரிக்க நாட்டில், தென் டகோட்டா மாநிலத்தில் இருப்பது. மற்றொன்று ஸ்பெயினில்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

தென் டகோட்டாவின் மேற்கு ஓரத்தில் பிளாக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றுகள் எழுகின்றன. அவற்றின் கிழக்கு அடிவாரத்தில் ரேப்பிட் சிட்டி என்ற நகரம். பொன் தேடி வந்தவர்கள் 1876ஆம் ஆண்டில் ஓடைக்கரையில் கூடாரமடித்து உண்டாக்கிய ஊர் அது. ஓடைக்கு ரேப்பிட் கிரீக் என்று பெயர். விரைந்தோடும் ஓடை என்பது பொருள். அந்நிலத்தின் பழங்குடியினரான லகோட்டா மக்களும் தம் மொழியில் அதை விரைநீர் என்றே அழைத்தனர். எச்சரிக்கை பெயரிலேயே இருந்தது. ஆனால் சாதாரண நாள்களில் அந்த ஓடையில் நொடிக்கு நூறு கன அடிக்கும் குறைவாகவே நீர் ஓடும். இருபுறமும் நிழல்மரங்கள். கரையோரமாக வீடுகளும், கடைகளும், சக்கரங்கள்மேல் நிற்கும் மலிவு வீடுகளின் வரிசைகளும் எழுந்தன.

ஊருக்கு மேலே மலைக்குள், 1956இல் பக்டோலா என்ற பெரிய அணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதன்பின் மக்களுக்கு அச்சம் தெளிந்தது. அணை இருக்கிறது, இனி என்ன வெள்ளம் என்ற எண்ணம் வேரூன்றியது.

1972ஆம் ஆண்டு ஜூன் 9, வெள்ளிக்கிழமை. அன்று மாலை கருங்குன்றுகளின் கிழக்குச் சரிவில் இடிமேகங்கள் வந்து நின்றன. நின்றன என்பதே சொல். வழக்கமாக அவற்றை அடித்துச் செல்லும் மேற்காற்று அன்று வலுவிழந்திருந்தது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று மலைமீது ஏறிக்கொண்டே இருந்தது. நீமோ என்ற சிற்றூரின் அருகே ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் 15 அங்குலம் மழை. 60 சதுர மைல் பரப்பில் 10 அங்குலத்துக்கு மேல். அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையை ஒரு மாலைப்பொழுது கொட்டித் தீர்த்தது எனலாம். அதிலும் கொடுமை யாதெனில், இம்மழையின் பெரும்பகுதி பக்டோலா அணைக்குக் கீழே பெய்தது. அணை தன் இடத்தில் அசையாமல் நின்றது. அதனால் ஊருக்குப் பயன் இல்லை. காவற்காரன் கிழக்கு வாசலில் விழித்திருக்க, கள்வன் மேற்கு வாசல் வழியே நுழைந்த கதை.

ஊரின் மேற்கெல்லையில் கேன்யன் ஏரி என்று ஒரு சிறு நீர்த்தேக்கம். மண்கரை போட்டது. மலையிலிருந்து அடித்து வந்த மரங்களும் கட்டைகளும் அதன் கலிங்கை அடைத்துக்கொண்டன. வடிய வழியின்றி நீர் கரைக்கு மேலே வழிந்தது. நகரத் தலைவர் டான் பார்னெட்டுக்கு அப்போது வயது 29. இரவு பத்தரை மணியளவில் அவர் வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும், தாழ்வான பகுதிகளிலுள்ளோர் உடனே வெளியேறுங்கள் என்று அறிவித்தார். அதன்பின் சிறிது நேரத்திலேயே கேன்யன் ஏரியின் கரை உடைந்தது. நள்ளிரவை ஒட்டி ஓடையில் நொடிக்கு 50,000 கன அடி நீர் நகரின் ஊடே பாய்ந்தது. மின்சாரம் போயிற்று. வீடுகள் அடித்தளத்தை விட்டுக் கழன்று மிதந்தன. எரிவாயு கசிந்து, நீரின் நடுவே தீப்பற்றி எரிந்தது. கார்களும் வீடுகளின் துண்டுகளும் பாலங்களின் அடியில் சிக்கி, ஒவ்வொரு பாலத்தையும் ஓர் அணையாக்கின. அங்கே தேங்கிய நீர் பக்கவாட்டில் தெருக்களுக்குள் புகுந்தது.

பொழுது விடிந்தபோது ரேப்பிட் சிட்டியிலும் சுற்றுப்புறத்திலும் 238 பேர் மாண்டிருந்தனர். 3,000 பேருக்கு மேல் காயம். 1,335 வீடுகளும் 5,000 கார்களும் அழிந்தன. இழப்பு அக்காலப் பண மதிப்பில் 16 கோடி டாலருக்கு மேல். நகரின் அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 44,000தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஏதோ ஒரு வகையில் துக்கம் புகாத வீடு இருந்திருக்க முடியாது என்று விளங்கும்.

அன்று பிற்பகல் அவ்வட்டாரத்தில் ஆய்வாளர்கள் மேகங்களில் உப்புத்தூள் தூவிச் சோதனை நடத்தியிருந்தனர். அதுவே காரணம் என்று பலர் குற்றஞ்சாட்டினர், வழக்கும் நடந்தது. அத்தனை பெரிய மழையை அந்தத் தூள் உண்டாக்கியிருக்க முடியாது என்பதே அறிவியலார் கருத்து. ஆயினும் மனித மனம் பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுகிறது. ஓடைக்கரையில் மனை பிரித்து விற்றவரை, வாங்கியவரை, அனுமதி தந்தவரை நினைப்பதைவிட மேகத்தில் தூவிய தூளை நினைப்பது மனத்துக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பாறைக்குள் இருந்த கணக்கு

இது ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிசயம், மீண்டும் வராது என்று சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் பிற்காலத்தில் கருங்குன்றுகளின் பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி ஆராய்ந்தனர். ஓடைமட்டத்துக்கு மிக உயரே, பாறைக் குடைவுகளிலும் சிறு குகைகளிலும், மழையும் வெயிலும் தீண்டாத இடங்களில், பழைய வெள்ளங்கள் விட்டுச் சென்ற வண்டல் அடுக்கடுக்காக இருந்தது. அதில் கலந்திருந்த கரித்துண்டுகளைக் கொண்டு காலம் கணித்தார்கள். 2011இல் வெளிவந்த அவர்கள் அறிக்கை தெரிவித்தது இது: கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில், 1972ஆம் ஆண்டைப் போன்ற பெருவெள்ளங்களை அக்குன்றுகளின் ஓடைகள் வேறு காலங்களிலும் கண்டிருக்கின்றன. நூறாண்டு வயதுடைய நகரத்துக்கு அந்த நினைவு இல்லை. பாறை மறக்கவில்லை.

“நூறாண்டு வெள்ளம்” என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுவதுதான். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று கேட்டவுடன், போன ஆண்டு வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தானே என்று ஆறுதல் கொள்கிறோம். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் அவ்வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சீட்டைக் குலுக்கி எடுத்தபின் மீண்டும் அதே குடத்தில் போட்டுவிடுகிறார்கள். முப்பது ஆண்டுத் தவணையில் கடன் வாங்கி ஆற்றோரம் வீடு கட்டினால், கடன் தீருமுன் அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் காண நூற்றுக்கு 26 வாய்ப்பு என்று கணக்கு சொல்கிறது. நான்கில் ஒன்று. பிள்ளைக்கு வரன் பார்க்கையில் இத்தகைய வாய்ப்பை எந்தப் பெற்றோரும் ஏற்கமாட்டார்.

யாரும் அங்கே உறங்கலாகாது

வெள்ளம் வடிந்த கையோடு, பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொள்கிறோம் என்று பலர் முன்வந்தார்கள். அது இயல்பு. அப்பனும் பாட்டனும் வாழ்ந்த மனை. எஞ்சியிருப்பது அந்த நிலம் ஒன்றே. நகராட்சி மறுத்தது. வெள்ளப்பகுதியில் புதிய கட்டடத்துக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. இறந்தவர்களை அடக்கம் செய்து முடிப்பதற்குள் எடுக்க வேண்டியிருந்த முடிவு அது. எத்துணை வசைகளை வாங்கித் தந்திருக்கும் என்பதை நகர்மன்றத்தில் அமர்ந்தவரே அறிவர்.

நகரத்தார் கண்ட கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெள்ளம் பாயும் வழியில் பகலில் யாரும் நடக்கலாம், விளையாடலாம், இரவில் ஒருவரும் உறங்கலாகாது. மாண்டவர்களில் பெரும்பாலோர் இரவில், வீட்டில் அல்லது வீட்டைவிட்டு ஓடும் வழியில் மாண்டவர்கள். ஆகவே வெள்ளத்தைத் தடுப்பதைவிட, அதன் வழியில் படுக்கை விரிக்காமல் இருப்பதே முதற்காரியம் என்று கண்டார்கள்.

நடுவண் அரசின் நகர்ப்புனரமைப்பு நிதி பெரும்பங்கு செலவை ஏற்றது. ஓடையின் இருபுறமும் இருந்த மனைகளை நகராட்சி விலை கொடுத்து வாங்கியது. குடும்பங்களும் கடைகளும் மேட்டுநிலங்களுக்கு மாறின. நகரின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காகப் பல மைல் நீளத்துக்கு, வீடற்ற ஒரு நிலப்பட்டை உண்டாயிற்று. அதைப் பசுமைவழி என்றார்கள்.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய மதிநுட்பத்தைக் காண்கிறேன். முள்வேலி போட்டு, “உள்ளே நுழையாதே” என்று பலகை மாட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்நிலம் இருபது ஆண்டில் பறிபோயிருக்கும் என்பது என் கருத்து. யாருக்கும் பயன்படாத நிலத்துக்காக யாரும் வாதாட வருவதில்லை. அவர்கள் அதைப் பூங்காவாக்கினார்கள். பந்தாட்டத் திடல்களும் கோல்ஃப் மைதானங்களும் குளங்களும் அமைத்தார்கள். ஓடையை ஒட்டியே, இந்நாளில் எட்டு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள, நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் மட்டுமான பாதை ஒன்று செல்கிறது. பொதுப்பணிப் பொறுப்பில் இருந்து இத்திட்டத்துக்குத் தோள்கொடுத்த லெனார்ட் சுவான்சனின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. காலையில் பாட்டனார் ஒருவர் கைத்தடியோடு நடக்கிறார். மாலையில் பிள்ளைகள் மிதிவண்டியில் போகிறார்கள். நாள்தோறும் தம் கால் படும் நிலத்தில் யாரோ கல் நடுகிறான் என்றால் அந்தப் பாட்டனார் சும்மா இருப்பாரா? நகராட்சிக்குச் சம்பளம் இன்றிக் கிடைத்த காவலர் அவர்.

பாதையின் அமைப்பிலும் சில நுட்பங்கள் உண்டு. நம் ஊரில் பூங்கா அமைப்போர் கவனிக்கத்தக்கவை. வெள்ளவழியில் கம்பிவேலி கூடாது. வெள்ளத்தில் வரும் செத்தையும் கொடியும் அதில் சிக்கினால் அரைமணி நேரத்தில் வேலி அணையாகிவிடும். இருக்கைகளைத் தரையில் ஆழப் பதிக்க வேண்டும். இல்லையேல் அவை மிதந்து போய்ப் பாலத்தை அடைக்கும். புல்லை வெட்டி வைத்திருப்பது கண்ணுக்கு அழகு என்பதோடு, நீர் தடையின்றிப் பரவவும் உதவும். பாதை சாலைகளைக் கடக்கும்போது மேலே ஏறாமல் பாலத்தின் அடியிலேயே நுழைந்து செல்வது நல்லது. பிள்ளைகள் வண்டிநெரிசலில் சிக்காமல் போகலாம். பாலத்தின் கண்களும் ஆள் நடமாட்டத்தால் அடைபடாமல் துப்புரவாக இருக்கும். மழைக்காலத்தில் முதலில் மூழ்குவதும் இவ்விடமே. மூழ்கட்டும், நீர் வடிந்தபின் சேற்றை வாரிக் கழுவிவிட்டால் போதும். இடிந்து விழ அங்கே ஒன்றும் இல்லை.

மோட்டார் வண்டிகளை ஏன் விலக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த 5,000 கார்களே விடை. வெள்ளத்தில் கார் என்பது இரும்புக் கட்டை. அது பாலத்தை அடைக்கும், சுவரை இடிக்கும். கார் வரவேண்டுமாயின் நிறுத்துமிடம் வேண்டும். அதற்குத் தார் போட வேண்டும். தார் போட்ட நிலம் ஒரு சொட்டு நீரையும் குடிக்காது. கார் வந்தபின் கடை வரும். கடைக்குப் பின்னால் கடைக்காரரின் வீடும் வரும். நடப்பவன் தன்னோடு எதையும் கொண்டுவருவதில்லை.

ஆற்றை நாடுகடத்திய நகரம்

நிற்க. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவின் கதை வேறு வகை.

வலென்சியா தூரியா என்ற ஆற்றங்கரையில் எழுந்த பழம்பெரும் துறைமுக நகரம். அந்நகரப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில் வியாழன்தோறும் நண்பகலில் உழவர்களின் நீர் நடுவர் மன்றம் கூடுகிறது. தூரியாவிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் யாருக்கு எவ்வளவு நீர் என்ற வழக்குகளைக் கருப்பு அங்கி அணிந்த உழவர்களே, எழுத்தில்லாமல் வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார்கள். பல நூற்றாண்டு மரபு. 2009இல் யுனெஸ்கோ நிறுவனமும் இதைப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது. கோவில் வாசலில் தண்ணீருக்கு நீதி வழங்கும் அக்காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. இங்கே அதைச் சொன்னதற்குக் காரணம், இத்தனை நீர்நெறி கற்ற ஊரும் தன் ஆற்றோடு பிணக்குக் கொண்டது என்பதே.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று தூரியா நகருக்குள் புகுந்தது. விடியலுக்கு முன் ஓர் அலை. நண்பகலையொட்டி அதனினும் பெரிய அலை. குறைந்தது 81 பேர் மாண்டனர். ஆற்றுக்கு இடம் விடுவதற்குப் பதிலாக ஆற்றையே ஊரைவிட்டு வெளியேற்றிவிடுவது என்று அரசு முடிவு செய்தது. நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய ஆறு வெட்டப்பட்டது. நொடிக்கு 5,000 கன மீட்டர் நீரைத் தாங்குமாறு திட்டமிட்டு, 1969இல் திறந்தார்கள். செலவைச் சமாளிக்க, வலென்சியாவில் தபாலில் சேர்க்கும் கடிதங்களுக்கு 25 சென்டிமோ பெறுமான தனி அஞ்சல்தலையும் ஒட்டச் செய்தார்கள். புதிய கால்வாய்க்காகத் தலைமுறை தலைமுறையாகக் காய்கறி விளைந்த வளமான வயல்கள் எடுக்கப்பட்டன.

இப்பொழுது பழைய ஆறு காலியாயிற்று. நகரின் இதயத்தின் ஊடே அகன்ற, வெறுமையான படுகை. கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்னது அங்கே அப்படியே நடந்தது. வெறுமனே கிடக்கிறதே, அதில் மாட்ரிட்டிலிருந்து துறைமுகத்துக்கு விரைவுச்சாலை போட்டுவிடலாம் என்று திட்டம் தயாராயிற்று. பொதுமக்கள் எழுந்தார்கள். ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும் என்பது அவர்கள் முழக்கம். சர்வாதிகாரத்தின் இறுதி ஆண்டுகளில், வாய்திறந்து பேச அஞ்சும் காலத்தில் எழுந்த குரல் அது. 1976இல் மன்னர் ஹுவான் கார்லோஸ் அந்நிலத்தை நகருக்கு வழங்கினார். 1982இல் ரிக்கார்தோ போஃபில் என்ற கட்டடக் கலைஞர் பூங்காவுக்குத் திட்டம் வரைந்தார். 1986இல் பொதுமக்களுக்குத் திறக்கத் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆரஞ்சு மரங்களுக்கும் பனைகளுக்கும் இடையே மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், மிதிவண்டி மிதிக்கிறார்கள். தலைக்குமேல் புனிதர்களின் சிலைகள் நிற்கும் பழைய கற்பாலங்கள். ஒரு சாலையையும் கடக்காமல் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். விரைவுச்சாலையாகப் போயிருக்க வேண்டிய நிலம் அது.

கதை இதோடு முடிந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 29. வலென்சியாவுக்கு மேற்கே துரீஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. புதிய கால்வாய் தன் கடமையைச் செய்தது. தூரியாவின் வெள்ளத்தைச் சுமந்து கடலுக்குக் கொண்டுபோயிற்று. நகரின் நடுப்பகுதி காப்பாற்றப்பட்டது; பூங்கா நனையவில்லை. ஆனால் கால்வாய்க்குத் தெற்கே போயோ என்று ஒரு காட்டோடை உண்டு. ஆண்டில் பல மாதம் சொட்டு நீரின்றிக் கிடப்பது. அது பொங்கிப் பைபோர்த்தா, கத்தரோஹா முதலிய ஊர்களை மூழ்கடித்தது. ஸ்பெயினில் அம்மழைக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். பெரும்பாலோர் வலென்சியா மாநிலத்தார். நிலத்தடி நிறுத்துமிடத்திலிருந்த காரைக் காப்பாற்ற இறங்கி, மேலே வராமல் போனவர்களும் அவர்களில் உண்டு. மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு மணி கடந்துவிட்டது. பல வீடுகளில் அதற்குள் நீர் புகுந்திருந்தது.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். அவ்வூர்களை மூழ்கடித்தது இடம் மாற்றப்பட்ட தூரியா அன்று, போயோ ஓடை. ஆகவே நகரத்தைக் காக்கத் தெற்கத்தியாரைப் பலியிட்டார்கள் என்று ஒரே அடியாகச் சொல்லுவது பொருந்தாது. ஆனால் பெரிய ஆற்றுக்குக் கோடிக் கோடியாகச் செலவிட்டவர்கள் சின்ன ஓடைக்கு இடம் விடவில்லை. அதற்கென்று தீட்டிய திட்டங்களும் நிறைவேறாமற் கிடந்தன. வறண்டு கிடந்த ஓடையின் இருகரையையும் ஒட்டி அரை நூற்றாண்டாக வீடுகளும் பட்டறைகளும் நெருங்கிக்கொண்டே வந்தன. போயோவுக்கு ஒரு நடைபாதை இருந்திருந்தால், ஞாயிறு மாலை அங்கே நடக்கும் பழக்கம் அவ்வூராருக்கு இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நடப்பவருக்கு ஆபத்து இல்லையா

வெள்ளவழியில் மக்களை நடக்கவிடுவது ஆபத்தன்றோ என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். பீஷான் என்ற இடத்தில் காலாங் ஆறு முன்பு நேராக ஓடும் வெறும் சிமெண்டுக் கால்வாய், 2.7 கிலோமீட்டர். அதன் சுவர்களை உடைத்து, பூங்காவின் நடுவே வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012இல் அப்பணி நிறைவேறியது. வெயிற்காலத்தில் பிள்ளைகள் ஆற்றோரம் வரை இறங்கி மீன் பார்க்கலாம். மழை வலுத்து நீர்மட்டம் ஏறினால் அளவுக்கருவிகள் உணர்ந்து, விளக்கும் சங்கொலியும் ஒலிபெருக்கி அறிவிப்பும் எழும். மக்கள் சரிவில் ஏறி மேட்டுக்குப் போய்விடுவார்கள். விழித்திருக்கும் மனிதன் சரிவில் ஏறுவதற்குச் சில நிமிடம் போதும். உறங்கும் குடும்பத்தை எழுப்பி, முடியாத பெரியவரைத் தூக்கி, ஆவணப் பெட்டியைத் தேடி வெளியேற அந்த நிமிடங்கள் போதா. பகல், இரவு என்று ரேப்பிட் சிட்டியார் பிரித்த பிரிவின் நியாயம் இதுவே.

இடர்ப்பாடான மற்றொரு கேள்விக்கு இத்தனை எளிதாக விடை சொல்ல இயலாது. ஆற்றங்கரையில் குடியிருப்போர் பெரும்பாலும் யார்? வேறிடத்தில் மனை வாங்க வசதி இல்லாதவர்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு, அதே இடத்தில் மேட்டுத்தெரு மனிதர் காலையில் காற்று வாங்க நடைபாதை போட்டால் அதை நீதி என்று நான் ஏற்கமாட்டேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபின் சென்னையில் ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுவேலைக்கும் கூலிக்கும் போன இடங்கள் அங்கிருந்து வெகுதொலைவு. புதிய இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். ஒரு நீரிலிருந்து எடுத்து வேறொரு நீரின் ஓரத்தில் வைத்ததாயிற்று.

ரேப்பிட் சிட்டி நிலத்தை விலைக்கு வாங்கியது. வெறும் ஆணையால் பறிக்கவில்லை. அங்கும் எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லமாட்டேன். தொழில் இழந்தவர்கள், அண்டை அயலை இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஊரைவிட்டு இருபது மைல் தள்ளி யாரையும் கொண்டுபோய் இறக்கிவிடாமல், அதே ஊரில் மேட்டில் இடம் தேடினார்கள். ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் எதுவானாலும் நான் முதலில் புரட்டிப் பார்க்க விரும்புவது பூங்காவின் வரைபடத்தை அன்று. எழுப்பப்படுகிறவன் நாளை இரவு எங்கே தலைசாய்ப்பான் என்று எழுதிய பக்கத்தை. அந்தப் பக்கம் இல்லையென்றால் மற்றவற்றைப் படிக்க எனக்கு மனம் வராது.

ரேப்பிட் சிட்டியின் நடுவே, ஓடையை ஒட்டி, நினைவுப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. முன்பு வெள்ளம் பாய்ந்த இடம். அங்கே ஒரு நீரூற்று; அவ்விரவில் மாண்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 2022இல் வெள்ளத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவு வந்தபோது, அவ்விரவைக் கண்ட பிள்ளைகளுக்குத் தலை நரைத்திருந்தது. அப்பூங்காவின் வழியாகவே அந்த நடைபாதை ஓடையோடு கிழக்கே போகிறது. வசந்தகாலத்தில் பனி உருகி ஓடையில் நீர் ஏறினால், பாலத்தடிப் பகுதிகளில் பாதை நீருக்குள் போய்விடும். வடிந்தபின் சேற்றை வாரிவிடுகிறார்கள். மறுநாள் மிதிவண்டிகள் மீண்டும் வருகின்றன.